கிழிந்ததும் தேய்ந்ததும் ஒரே ஜவ்வுதானா?

தோட்டத்துப் பிள்ளை:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செம்பனைக் குலை வெட்டுகிறார், வயது 57. இரண்டு மாதங்களுக்கு முன், அண்ணாந்தபடி குலையை அறுத்தவர் அது விழும் பக்கத்திலிருந்து விலகத் திரும்பியபோது, சேற்றில் பதிந்திருந்த வலது பாதம் மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. சில நாள்களில் மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொள்கிறது. ஈப்போவில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் கொஞ்சம்தான் என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு ‘தூலாங் ராவான்’ கிழிந்திருப்பதாகவும், சிறு துளையிட்டு அறுவை சிகிச்சை செய்யலாம் என்றும் சொன்னார். மலாயில் ‘தூலாங்’ என்றால் எலும்பு என்பதால், எலும்பே முறிந்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டார். உறவினர்களோ, ஜவ்வு தேய்ந்தால் கத்தி வைத்தும் பயனில்லை என்கிறார்கள். இவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே ஜவ்வைத்தானா?

பழைய டிரெசர்:
இல்லை, தம்பி. நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. ‘தூலாங் ராவான்’ என்றால் குருத்தெலும்பு. எலும்பு முறியவில்லை என்பதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்.

முழங்காலில் குருத்தெலும்பு இரண்டு விதமாக இருக்கிறது. பசாரில் வாங்கிய கோழிக்காலை மூட்டில் பிரித்துப் பார்த்தால், எலும்பு நுனியில் நீலம் பாய்ந்த வெண்மையில் ஒரு வழவழப்பான பூச்சு தெரியும். மனிதருக்கும் அப்படித்தான், பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனும், முழங்கால் சில்லின் பின்புறத்தில் அதைவிட அதிகமும் இருக்கும். அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நடக்கும்போது அழுந்தி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்தே ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உறவினர்கள் சொல்லும் தேய்மானம் இதில்தான். தேய்ந்தது பழையபடி வளர்வதில்லை.

மற்றொன்று மெனிஸ்கஸ். அப்பாவுக்குக் கிழிந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு நார்க் குருத்தெலும்புகள் அணை கொடுத்தாற்போல் கிடந்து பாரத்தைப் பரப்பிக் கொடுக்கின்றன. உட்பக்கத்துப் பிறை மூட்டு உறையோடும் பக்கவாட்டுத் தசைநாரோடும் இறுகப் பிணைந்திருப்பதால், கால் முறுக்கும்போது நழுவி விலக முடியாமல் எளிதில் கிழிகிறது. கிழிந்த துண்டு பால்வாளியின் கைப்பிடியைப் போல உள்ளே மடிந்து விழுந்தால், கால் நீட்ட வராது. எக்ஸ்ரேயில் இந்த இரண்டுமே தெரியாது. எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி குறைவதைக் கொண்டுதான் அதில் தேய்மானத்தைக் கணிக்கிறார்கள்.

கிழிசல் எந்த இடத்தில் என்று கேளுங்கள். பெரியவர்களின் மெனிஸ்கஸில் வெளிவிளிம்பின் 10 முதல் 30 விழுக்காடு வரைதான் இரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் ஒட்ட வாய்ப்பு அதிகம். உள்விளிம்பில் பெரும்பாலும் கிழிந்த பிசிறை மட்டும் செதுக்கி எடுப்பார்கள்.

ஐம்பத்தெட்டு மைல்:
டிரெசர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தோட்டத் திடலில் பந்து விளையாடிக் கிழித்துக்கொண்ட எனக்கு, 1970களில் மெனிஸ்கஸை முழுதாகவே எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்தவர்களின் மூட்டில் பிற்பாடு ஏற்படும் மாற்றங்களை ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1948இலேயே எழுதிவிட்டார் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். இன்று அந்தக் காலை மடக்கிக் கோயில் பந்தியில் தரையில் உட்கார என்னால் முடியாது. ஆகவே, எவ்வளவு மிச்சம் வைப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

உறவினர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வெறும் தேய்மானத்துக்காக மூட்டைத் துளையிட்டுக் கழுவிச் சுரண்டியது, தோலை மட்டும் கீறித் தைத்த போலி சிகிச்சையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் மாட்டிக்கொள்ளும் கால் வேறு கதை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று டாக்டரிடம் கேட்டோம். கிழிசல் வெளிவிளிம்பை ஒட்டியிருப்பதால் தைத்துப் பார்க்கலாம் என்றும், தைத்தால் சில வாரங்கள் ஊன்றுகோலும், பல மாதங்கள் குந்தி உட்காராமையும் வேண்டும் என்றும் சொன்னார். செதுக்கிவிட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகலாமே என்று அப்பா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தெட்டு மைல் அண்ணன் எழுதியதை இன்றிரவு அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.