மேகம் அடைத்து வேறு ஏர்போர்ட்டில் இறங்கினால் லேண்டிங் சார்ஜ் உண்டா?

ராயபுரம் சிறகு:
பி.பி.எல். (தனியார் விமானி உரிமம்) பயிற்சியில் இருக்கேன். ஒருத்தர் சொந்த செஸ்னா 172 சிறு விமானத்தில் சென்னைக்கு வரும்போது மழை மேகம் அடைத்து, திருப்பதியிலோ புதுச்சேரியிலோ இறங்கினால் லேண்டிங் சார்ஜ் எவ்வளவு வரும்? ரேடியோவில் 'பான்-பான்' என்ற அவசர அழைப்பு சொன்னால் தள்ளுபடி உண்டா, விசாரணை வருமா?

தண்டையார்பேட்டை ஹெட்செட்:
ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி நிலையங்களில் லேண்டிங் சார்ஜை விமானத்தின் உச்ச எடையை வைத்துப் போடுவார்கள். 172 சுமார் 1.1 டன்தான், அதனால் பில்லில் சின்னத் தொகை அதுதான். டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி விமானத்துக்கு அதுவும் கிடையாது. பார்க்கிங் முதல் 2 மணி நேரம் இலவசம். கையைக் கடிப்பது ஹேண்ட்லிங் ஏஜென்சி (தரையில் விமானத்தைக் கவனிக்கும் நிறுவனம்) பில். நிலையத்தின் வேலை நேரம் முடிந்துவிட்டால் நீட்டிப்புக் கட்டணமும் சேரும்.

திரும்பக் கிளம்ப புது ஃப்ளைட் பிளான், புது ஏ.டி.சி. (வான் பாதுகாப்பு அனுமதி) நம்பர், எஃப்.ஐ.சி. (விமானத் தகவல் மையம்) நம்பர் வேணும். அரை நாள் அதிலேயே போகலாம், ராத்தங்கலுக்கும் தயாரா இருங்க.

பான்-பான் உதவி கேட்கும் சொல், தள்ளுபடிச் சீட்டு இல்லை. வானிலைக்காக வேறு நிலையத்துக்குத் திரும்புவது விபத்துக் கணக்கிலும் வராது.

எண்ணூர் விண்ட்சாக்:
தள்ளுபடி இருப்பது பிரிட்டனில். 1985 முதல் 1994 வரை நடந்த உயிரிழப்பு விபத்துகளை அலசி 1997-ல் அங்கே ஓர் அறிக்கை வந்தது. நேரத்தோடு வேறு இடத்தில் இறங்கியிருந்தால் சிலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்றது. பிறகு விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.வின் சார்லஸ் ஸ்ட்ராஸர் ஒவ்வொரு நிலையமாகக் கேட்டு, உண்மையான அவசரத்துக்கும் வானிலையால் வேறிடம் திரும்பி இறங்குவதற்கும் லேண்டிங் கட்டணம் வேண்டாம் என்று 200-க்கு மேற்பட்ட இடங்களைச் சம்மதிக்க வைத்தார். நம்ம ஊரிலும் அப்படி ஒன்று வரணும்.

காசுக்குப் பயந்து மேகத்துக்குக் கீழே கடற்கரையை ஒட்டி ஊர்ந்து வரலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் 250 மீட்டரைத் தாண்டும், அதாவது 800 அடிக்கு மேல். கீழே இறங்க இறங்க ரேடியோவும் எட்டாது. 1,000 அடியில் தோராயமாக 39 கடல் மைல், 500 அடியில் 27. உயரம் கையில் இருக்கும்போதே கூப்பிடுங்க.

தண்டையார்பேட்டை ஹெட்செட்:
கூப்பிடுவது, பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே. பதில் இல்லையென்றால்தான் அவசர அலைவரிசை 121.5 மெகாஹெர்ட்ஸ். பான்-பான் மூன்று முறை, கால்சைன் (ரேடியோவில் விமானத்தின் அழைப்புப் பெயர்), விமான வகை, என்ன சிக்கல், என்ன செய்யப்போறீங்க, இடம், உயரம், திசை, எத்தனை பேர், எத்தனை நிமிட எரிபொருள். 'மினிமம் ஃப்யூல்' என்பது அவசர அறிவிப்பு ஆகாது, முன்னுரிமை கிடைக்காது. இறங்கும்போது ஃபைனல் ரிசர்வுக்கு (கட்டாயம் மிச்சம் இருக்க வேண்டிய எரிபொருள்) கீழே போய்விடும் என்று தெரிந்தால், பான்-பானைவிடப் பெரிய ஆபத்து அழைப்பான 'மேடே ஃப்யூல்'தான்.

ராயபுரம் சிறகு:
உடனே ட்ரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) அவசரக் குறியீடு 7700 போடணுமா அண்ணே?

தண்டையார்பேட்டை ஹெட்செட்:
கன்ட்ரோலர் ஏற்கனவே ஸ்குவாக் (குறியீட்டு எண்) கொடுத்திருந்தால் அதையே வைங்க, மாற்றச் சொன்னால் மாற்றுங்க. யாரோடும் தொடர்பில் இல்லையென்றால் 7700.

காசிமேடு வயர்லெஸ்:
கடலில் இறங்க நேர்ந்தால் ஒரு விஷயம். போட்டுகளில் இருப்பது சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். உங்க ரேடியோ ஏ.எம். மேடே என்று கத்தினாலும் பக்கத்து விசைப்படகுக்குக் கேட்காது. கண்ணுக்குப் படகு தெரிந்தால் அது எந்தப் பக்கம் என்று கன்ட்ரோலரிடம் சொல்லுங்க, கடலோரக் காவல்படைக்கு அவங்க சொல்லுவாங்க. கரையில் இருந்து பார்ப்பவர் காவல்படையின் 1554 எண்ணுக்கு அடிக்கலாம்.