பிளாப்பியில் போன மீன்பாட்டுக் கணக்கும் மீண்டு வந்த கடிதங்களும்

மண்டபத்திலிருந்து:

2002-ல் இங்கே மண்டபம் ஊரில் ஓர் இறால் கம்பெனியில் கணக்கு எழுதினேன். விசைப்படகுகளின் பாடு (பிடித்து வந்த மீன், இறால்), ஐஸ், டீசல், முன்பணம் எல்லாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கும். சாயங்காலம் பிளாப்பியில் (அந்தக் காலத்துக் காந்தத் தட்டு) ஏற்றி, ராமநாதபுரம் பஸ்ஸில் ஆடிட்டருக்குக் கொடுத்தனுப்புவோம்.

எனக்கு விண்டோஸ் பழகிய கை. காப்பி ஆனதும் பட்டனை அழுத்தி எடுத்துவிட்டேன். அங்கே திறந்தால் பாதிக் கணக்கைக் காணோம். லினக்ஸ் எழுத வேண்டியதை மெமரியிலேயே வைத்திருந்து, தோதுப்பட்டபோதுதான் தட்டில் இறக்கும். அன்மவுண்ட் கொடுத்தால் (மவுண்ட் செய்து, அதாவது கம்ப்யூட்டரோடு இணைத்து, வைத்த பிளாப்பியைக் கழற்றும் கமாண்ட்; தட்டும்போது முதல் 'என்' எழுத்து கிடையாது) டிரைவ் கர்ரென்று சுற்றும், பச்சை விளக்கு மினுக்கும். அது அணைந்து கமாண்ட் திரும்பி வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஒரு வாரப் பாட்டுக் கணக்கைச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி எழுதினேன்.

புதுப் பிளாப்பியைத் தயார்செய்யும் ஃபார்மட்டும் அப்படித்தான், இரண்டு வேலை. எஃப்டிஃபார்மட் கமாண்ட் தட்டில் கோடு மட்டும் போடும்: பக்கத்துக்கு 80 டிராக் (வட்டம்), 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (துண்டு), ஒவ்வொன்றும் 512 பைட். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி கட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி கட்டிவிட்டால் உப்பு வந்துவிடாது. எம்கேஎஃப்எஸ் கொடுத்து ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பு) போட்டால்தான் மவுண்ட் ஆகும்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, என் அனுபவம் வேறு. வாப்பா 1998-ல் துபாய் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உம்மாவுக்குத் தட்டிவைத்த கடிதங்கள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில். பதினோரு பிளாப்பி. அவர் மவுத்தான பிறகு அலமாரியில் கிடைத்தன. தகர மூடியை நகர்த்திப் பார்த்தால் கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. நம்ம ஊர் ஈரக்காற்று சும்மா விடுமா?

யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கினேன். அதில் பிளாப்பி, பழைய டிரைவில் வரும் எஃப்டி0 என்ற பெயரில் வராது, பென் டிரைவ் மாதிரி எஸ்டிபி என்று வந்தது. எஃப்டிஃபார்மட்டும் அதில் ஓடாது, யுஎஃப்ஐஃபார்மட் வேண்டும். ஆனால் எனக்கு ஃபார்மட் வேலையே இல்லை. முதலில் மூலையில் உள்ள சின்னக் கட்டையை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவைத்தேன், இனி யாரும் அதில் எழுத முடியாது. அப்புறம் தட்டை அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டில் 512 பைட் அளவு வைத்து, நோஎரர், சிங்க் இரண்டும் சேர்த்துக் கொடுத்தேன். படிக்க முடியாத செக்டர் பூஜ்ஜியமாக நிரம்பும், மற்றது இடம் மாறாமல் வரும். அந்த நகலைத்தான் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தேன். ஒவ்வொரு பூஞ்சைத் தட்டுக்குப் பிறகும் டிரைவ் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.

பதினொன்றில் எட்டு வந்தன. ஒன்றில், "மழை பெய்தால் மாடிக் கதவைச் சாத்து" என்று எழுதியிருந்தார். உம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

மண்டபத்திலிருந்து:

காக்கா, அந்த மூன்றையும் தூக்கிப்போடாதீங்க. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். எங்கே விட்டது என்று குறித்தும் வைக்கும், அடுத்த நாள் அங்கிருந்தே தொடரலாம். வேறு டிரைவில் போட்டால் சில செக்டர் படிக்க வரும். என்னிடம் பழைய டிரைவ் ஒன்று கேபிளோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.