உரிமத்தை மீறும் நிறுவனத்தின் பெயரை வெளியிடலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் நான் வெளியிட்ட தமிழ் ரசீது அச்சு நிரலை, ஓசூரில் ஒரு நிறுவனம் தன் பில்லிங் மென்பொருளில் சேர்த்து விற்கிறது. சோதனைக்காக நான் எழுதிய ‘மாங்கூழ் 2 டின்’ என்ற வரிகூட அதில் அப்படியே கிடக்கிறது. விற்பதில் தவறில்லை, மூல நிரலையோ உரிம நகலையோ தராததே மீறல். கடிதங்களுக்குப் பதில் இல்லை.

பிஸிபாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தார் ஒரு காலத்தில் இத்தகைய நிறுவனங்களின் பெயர்களைப் பட்டியலிட்டே வெளியிட்டனர். இங்கோ அவதூறு பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்கீழ், சொன்னது உண்மை என்பதோடு பொதுநலனுக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டியிருப்பதால் தயங்குகிறேன்.

பெயரை வெளியிடுமுன் எத்தகைய ஆதாரங்களைத் திரட்டிவைக்க வேண்டும்? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பதிப்புரிமை வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் எவரையேனும் அறிந்தவர்கள் தெரிவித்து உதவுங்கள்.