புதுப்பிப்பு: முதல் கேமிங் கம்ப்யூட்டர் ஓடுகிறது

1440பி (2560x1440 புள்ளிகள் கொண்ட) மானிட்டருக்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர் வாங்கி கிராஃபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பிராசஸரைக் குறைத்து, அந்தப் பணத்தைக் கார்டில் போடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ரைசன் 5 7600 பிராசஸர், 16 ஜிபி ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி கார்டு, பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5-6000 ரேம், 750 வாட் பவர் சப்ளை என்று முடித்தேன். 1440பி-இல் சுமை பெரும்பாலும் கார்டின் மேல்தான் விழுகிறது. பிராசஸர் பெரும்பாலும் பாதி வேலைகூடச் செய்வதில்லை. கார்டின் நீளத்தைக் கேபினட்டோடு ஒப்பிடச் சொன்னவருக்குத் தனி நன்றி, விரல் நுழையும் இடம்தான் மிச்சம்.

எதிர்பாராதது முதல் பூட். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு மட்டும் எரிகிறது. பதறிப்போய் அணைத்துவிடாதீர்கள். ஏஎம்5 (இந்த ரைசன் பிராசஸர் பொருந்தும் சாக்கெட்) போர்டுகள் முதல்முறை ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். காத்திருந்தேன், மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸ் தானாக வந்தது. பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்யும்வரை ரேம் 6000-க்குப் பதில் 4800-இல்தான் ஓடியது. ஆன் செய்ததும் மறுபடி அதே கறுப்புத் திரை, அதே காத்திருப்பு.

அப்புறம் ஒன்று: விண்டோஸ் என் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-இல் வைத்திருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும்.