பிறந்தது முதல் இரு பாதங்களிலும் வீக்கம்: மில்ராய் நோய் என்பது என்ன?

கேள்வி: மழைத்தூறல்

எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். பிறந்த அன்றே அவளுடைய இரண்டு பாதங்களின் மேற்புறமும் உப்பியிருந்தன. சில வாரங்களில் வடிந்துவிடும் என்றார்கள், வடியவில்லை. காலுறையின் மேல்விளிம்பு பதிந்த கோடு, அதைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆன பிறகும் அப்படியே நிற்கிறது. அவள் வலியால் அழுவதில்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் குறையேதும் இல்லை. பெண் குழந்தை என்பதால் டர்னர் நோய்க்குறித்தொகுதியாக (பெண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வரும் நிலை) இருக்குமோ என்று குரோமோசோம் பரிசோதனை செய்தார்கள். அதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது மரபியல் மருத்துவர், பரம்பரையாக வரும் நிணநீர் வீக்கமான மில்ராய் நோயாக இருக்கலாம் என்று கூறி, மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்.

எங்கள் இருவர் குடும்பத்திலும் கால் வீங்கியவர் எவருமில்லை. அப்படியிருக்க இது எப்படிப் பரம்பரை நோயாகும்? உறவினர்கள் சிலர் யானைக்கால் என்கிறார்கள். அவளுக்குத் திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர் நாளங்களே இல்லையா, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லையா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: நிழல்மரம்

நண்பரே, எனக்கும் என் தாயாருக்கும் இந்த நோய் உண்டு. எனக்கு வயது நாற்பத்தொன்று. முதலில் அந்த யானைக்கால் பேச்சை ஒதுக்கிவிடுங்கள். யானைக்கால் நோய் கொசுவின் வழியாக வரும் ஃபைலேரியா புழுக்களால் உண்டாவது. அந்தப் புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கிக் கேடு விளைவித்து, கால் வீங்குவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். பிறக்கும்போதே வீங்கியிருக்கும் காலுக்கு அது காரணமாக முடியாது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள் உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: மில்ராய் நோய் எவருக்கும் தொற்றாது.

இந்த நோய்க்குப் பெயர் தந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் மில்ராய், 1892-இல் ஒரு குடும்பத்தின் ஆறு தலைமுறைகளைச் சேர்ந்த 97 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, அவர்களில் 22 பேருக்கு இந்த வீக்கம் இருந்ததாக எழுதினார். அவரிடம் முதலில் வந்தவர், இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்த ஒரு சமயப் பணியாளர். இந்தியாவில் யானைக்கால் வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும்; ஆனால் அவருடைய கால்களோ பிறந்தது முதலே வீங்கியிருந்தவை. பிறந்தது முதல் என்ற அந்த ஒரு விவரம் எவ்வளவு முக்கியம் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மறுமொழி: நீரோட்டம்

நான் நிணநீர் வீக்கத்துக்கான சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடை அதில்தான் இருக்கிறது.

ரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்கிடையே சேரும் நீரையும் புரதத்தையும், தோலுக்கடியில் வலைபோல் பரந்துள்ள மிக நுண்ணிய நிணநீர் நாளங்கள் உறிஞ்சி, பெரிய நாளங்களுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் அனுப்பி, இறுதியில் ரத்தத்திலேயே சேர்க்கின்றன. கருவில் இந்த நாளங்கள் உருவாகி வளர வேண்டுமானால், அவற்றின் சுவரிலுள்ள செல்கள் வளர்ச்சிக்கான சமிக்ஞையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு விஇஜிஎஃப்ஆர்-3 என்று பெயர். அதை உருவாக்கும் எஃப்எல்டி4 மரபணு ஐந்தாவது குரோமோசோமில் உள்ளது. மில்ராய் நோயில் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதுபட்டிருக்கும். நாளங்கள் அறவே இல்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். ஆனால் பாதத்துத் தோலை ஆராய்ந்தபோது பல நோயாளிகளுக்கு நாளங்கள் இருப்பதும், அவை நீரை உள்ளிழுக்கத் தவறுவதும் தெரியவந்தன. வாய்க்கால் இருக்கிறது, மடை திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் விரலிடையில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுத்தால், அது இடுப்புமடிப்புக் கணுக்களை வந்தடையாததைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனிப் பரம்பரைக்கு வருவோம். பழுதான ஒரு பிரதியே போதும் என்பதால், பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. ஆனால் அந்தப் பிரதி உள்ளவர்களில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காட்டினருக்குத்தான் மூன்று வயதுக்குள் கால் வீங்குகிறது. எஞ்சியவர்கள் தங்களிடம் அது இருப்பதே தெரியாமல் வாழக்கூடும். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே ‘கால் வீங்கியவர் எவருமில்லை’ என்பதை முடிவான பதிலாகக் கொள்ளாமல், உங்கள் இருவரின் பாதங்களையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நகங்களின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறதா? காலில் ரத்த நாளங்கள் பருத்துத் தெரிகின்றனவா? குடும்பத்து ஆண்களில் எவருக்கேனும் விதைப்பையில் நீர் கோத்ததுண்டா? இரண்டாம் கால்விரலின் அடியிலுள்ள தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் அது நிணநீர்த் தேக்கத்தின் அடையாளம்.

நீர் மாத்திரைகள் இதற்கு உதவுவதில்லை. அவை உடலின் நீரைக் குறைக்குமே தவிர, திசுக்களில் தங்கிய புரதத்தை அகற்றா.

மறுமொழி: நிழல்மரம்

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் அன்றாடத்தில் வீக்கத்தைவிட அதிகம் அஞ்ச வேண்டியது தோல் வழியே நுழையும் கிருமிதான். விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்பு வராமல் களிம்பு தடவி, நகத்தை ஒட்ட வெட்டாமல் விட வேண்டும். கால் திடீரெனச் சிவந்து சூடேறி, காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உடனே தொடங்கப்பட வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் கிருமித்தொற்று எஞ்சிய நாளங்களையும் கெடுத்துவிட்டுப் போகிறது. அழுத்தக் காலுறையை எப்போது தொடங்குவது என்பதை நிணநீர்ச் சிகிச்சையாளரே அளவெடுத்து முடிவு செய்யட்டும். கடையில் கிடைப்பதை நீங்களாகவே வாங்கி மாட்டிவிடாதீர்கள். சில குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் வீக்கம் ஓரளவு குறைவதும் உண்டு.

கேள்வி கேட்டவர்: மழைத்தூறல்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மகளின் பாதத்தையும் என் பாதத்தையும் அருகருகே வைத்து விளக்கொளியில் பார்த்தேன். என் இரண்டு பெருவிரல் நகங்களும் நுனியில் மேல்நோக்கி வளைந்தவை. காலணி இறுக்கத்தால் வந்ததென்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். நான்கு வயதில் எனக்கு விதைப்பையில் நீர் கோத்து அறுவை சிகிச்சை நடந்ததையும், கேட்ட பிறகுதான் என் தாயார் சொன்னார். மரபியல் மருத்துவரிடம் இரண்டையும் தெரிவித்துவிட்டேன்; வரும் வாரம் என் ரத்தத்தையும் பரிசோதனைக்கு எடுக்கிறார்கள்.