உதவி: விடுதி காசு போன் சுவரோடு பெயர்ந்து வருகிறது, பின்னால் மரப்பலகை எப்படிக் கொடுப்பது?

நாமக்கல்_விடுதி:
வணக்கம். எங்கள் விடுதியில் பிள்ளைகள் வீட்டுக்குப் பேச ரெண்டு காசு போன் மாட்டியிருக்கிறோம். ரெண்டுமே கழன்று வருகிறது. திரும்பத் திரும்ப ஸ்க்ரூ அடித்தாலும் நிற்கவில்லை. பின்னால் நல்ல மரப்பலகை கொடுத்து மாட்டச் சொல்கிறார் வார்டன். என்ன மரம், எத்தனை இஞ்ச், எத்தனை ஸ்க்ரூ? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரிசையில் நிற்கும். அதற்குள் முடிக்கணும். அவசரம்.

ஈரோடு_ஆசாரி:
தேக்கு. ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 நூல், அதாவது ஒரு இஞ்ச் கனம். நாலு மூலையிலும் ஸ்க்ரூ. முடிந்தது வேலை.

சுத்தியல்:
என்ன சுவர் என்று தெரியாமல் பலகை அளவு சொல்லி என்ன செய்வது? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, வெள்ளைக் கல்லா? கழன்றது ஸ்க்ரூ மட்டுமா, சுவருக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக்கோடு வந்ததா, பூச்சும் சேர்ந்து வந்ததா? போன் எத்தனை கிலோ?

கட்டுமானம்_மூத்தவர்:
இந்தப் பகுதியின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்: கேள்வி கேட்பதற்கு முன் சுவர் வகை, எடை, படம் மூன்றும் கொடுக்க வேண்டும். யாரும் படிப்பதில்லை. ‘அவசரம்’ என்று எழுதத் தெரிகிறது, ஒரு படம் எடுக்கத் தெரியவில்லை. டிவி மாட்டுவது பற்றிய பழைய இழையில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

வெல்டிங்_முருகேசு:
மரமே வேண்டாம் அண்ணே. ஒன்றரை இஞ்ச் இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம், தரையில் ஒரு பேஸ் பிளேட், ரெண்டு மணி நேர வேலை. கரையானும் இல்லை, ஒன்றும் இல்லை.

நாமக்கல்_விடுதி:
சாதா சுவர்தான் சார். போனும் சாதா போன்தான், கடைகளில் முன்பு இருக்குமே, அது.

சுத்தியல்:
சாதா சுவர் என்று ஒரு சுவர் கிடையாது தம்பி. பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று போடுங்கள், டிரில்லில் ஹேமர் போடாமல், வெறும் சுற்றல் மட்டும். கீழே ஒரு தாள் பிடித்து விழுகிற தூளைப் பாருங்கள். முதலில் எப்படியும் பூச்சுத் தூள் சாம்பலாக வரும், அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு செக்கச் சிவப்பாக வந்தால் செங்கல். வெள்ளையாக, மாவு மாதிரி, துளி எதிர்ப்பும் இல்லாமல் இறங்கினால் ஏஏசி பிளாக், அந்த வெள்ளைக் கல்தான். சாம்பலாகவே வந்து, திடீரென்று டிரில் முன்னால் பாய்ந்தால் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம் உள்ள கல்.

நாமக்கல்_விடுதி:
பார்த்தேன். சாம்பல்தான். பாய்ந்தது. ஓட்டையில் துடைப்பக் குச்சி விட்டால் நாலு இஞ்ச்சுக்கு மேல் உள்ளே போகிறது. போனை மெஸ் தராசில் வைத்தோம், காசோடு ஐந்தரை கிலோ. பிளக்கும் பூச்சும் சேர்ந்துதான் வந்தது.

சுத்தியல்:
ஆக, ஹாலோ பிளாக். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. பூச்சு அரை இஞ்ச், அதற்குப் பின் பிளாக்கின் ஓடு ஒன்றேகால் இஞ்ச், அப்புறம் வெறும் காற்று. ஹேமர் போட்டு ஓட்டை போட்டால் ஓட்டின் உள்பக்கம் தட்டுத் தட்டாக உடைந்து விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்க்க ஓட்டை அழகாக இருக்கும். உள்ளே பிளக் பிடிக்க மீதம் இருப்பது பூச்சும் கொஞ்சம் ஓடும்தான். அதில் பிள்ளைகள் தொங்கினால் அது எப்படி நிற்கும்?

ஈரோடு_ஆசாரி:
ஐந்தரை கிலோவுக்கு இத்தனை ஆராய்ச்சியா? கேலண்டர் ஆணியே தாங்கும்.

கணக்குப்பிள்ளை:
எடையை வைத்துக் கணக்குப் போடுவதால்தான் இந்தப் போன்கள் எல்லா இடத்திலும் ஆடுகின்றன. எடை ஒரு விஷயமே இல்லை. யாராவது மேல் விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

போனின் ஆழம் 15 செ.மீ. என்று வைப்போம். ஐந்தரை கிலோ, சுவரிலிருந்து சுமார் 8 செ.மீ. தள்ளி இருக்கிறது. பெருக்கினால் 44. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முன் விளிம்பில் கையூன்றி 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறான்: 30 பெருக்கல் 15, அதாவது 450. மொத்தம் 494. போனின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் விளிம்புக்கும் இடைவெளி 20 செ.மீ. இருந்தால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கிற விசை 494 வகுத்தல் 20, கிட்டத்தட்ட 25 கிலோ. இது நிதானமாகச் சாய்ந்தால். காசை விழுங்கிவிட்டது என்று தட்டி உலுக்கினால் ரெண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே போனை உயரமான பலகையில் பொருத்தி, பலகையின் மேல் ஸ்க்ரூவுக்கும் அடிக்கும் 110 செ.மீ. இடைவெளி கொடுத்தால் 494 வகுத்தல் 110, நாலரை கிலோ. மரம் தேக்கா வேம்பா என்பதெல்லாம் அப்புறம். உயரம்தான் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற பலம். ஆசாரி சொன்ன ஒன்றரை அடிப் பலகை பாதி வேலையைத்தான் செய்யும்.

ஈரோடு_ஆசாரி:
கணக்கு சரிதான். ஆனால் பலகை போனை எப்படிப் பிடிக்கும் என்று கணக்குப்பிள்ளை சொல்லவில்லை. போனைத் திறந்தால் முதுகுத் தகட்டில் நாலு ஓட்டை இருக்கும். அதில் மர ஸ்க்ரூ அடிக்காதீர்கள். காசு எடுக்க, ரிப்பேர் பார்க்க என்று கழற்றி மாட்டினால் மரம் பொங்கிப்போகும். பலகையின் பின்பக்கமிருந்து போல்ட் விட்டு, அகல வாஷர் போட்டு, போனுக்கு உள்ளே நட் முடுக்குங்கள். பெட்டியைப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து யாரும் கழற்றவும் முடியாது. போல்ட் தலை பலகையின் முதுகில் புதையும்படி குடைந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலகை சுவரில் ஒட்டாது.

கட்டுமானம்_மூத்தவர்:
எல்லோரும் சுற்றி வளைக்கிறார்கள். ஹாலோ பிளாக்குக்கு ஒரே தீர்வு, சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போவது. த்ரெட் ராடு, அதாவது முழுநீளமும் மரை போட்ட கம்பி, அந்தப் பக்கம் ஒரு எதிர்ப்பலகை, நட். இதை நான் முன்பே பல இழைகளில் சொல்லியாகிவிட்டது. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இதுவரை யாருமே கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

சுத்தியல்:
நீங்களும் கேட்கவில்லையே சார்.

நாமக்கல்_விடுதி:
பின்னால் ஸ்டோர் ரூம். மரம் எது என்று யாராவது சொல்லுங்கள், கடைக்குக் கிளம்பணும்.

சேலம்_மரக்கடை:
பட்ஜெட் எவ்வளவு? தேக்கு கேட்டால் தேக்கு தருவோம், ஆனால் இதற்குத் தேவையில்லை. வேங்கை நல்ல உறுதி. வேம்பில் பூச்சி அண்டாது, ஆனால் பச்சையாக வாங்கினால் முறுக்கிக்கொள்ளும். ஒரு அடி அகலத்துக்கு ஒரே பலகை எந்த மரத்திலும் வாங்காதீர்கள். மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில்தான் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். நாலு மூலையிலும் இறுக்கிக் கட்டிவிட்டால் நடுவில் வெடிக்கும்.

பலகைக்கு 6 நூல் பிளைவுட் வாங்குங்கள், தண்ணீர் தாங்குகிற ரகத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து. தரைவரை கால் வைப்பதென்றால் அதற்கு மட்டும் மூன்றுக்கு ரெண்டு இஞ்ச் வேங்கைச் சட்டம்.

ஈரோடு_ஆசாரி:
பிளைவுட்டா! முத்திரையை நம்பி வாங்கி, ரெண்டே மழையில் ஏடு ஏடாகப் பிரிந்ததை எத்தனை பார்த்திருக்கிறேன்.

சேலம்_மரக்கடை:
அது சாதா ரகத்துக்கான 303 முத்திரை போட்ட சரக்காக இருக்கும், அல்லது முத்திரையே போலியாக இருக்கும். 710-இல் பசை வேறு. வெட்டிய விளிம்பில் வார்னிஷோ பெயின்ட்டோ அடிக்காமல் விட்டால் எதுவும் பிரியும், அது மரத்தின் குற்றம் இல்லை.

பழைய_லைன்மேன்:
மரவேலை பேசுகிறீர்கள், பேசுங்கள். லைன் பற்றி ஒருவரும் பேசவில்லையே. டெலிபோன் கம்பியில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி. மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரை வரும். இணைப்போடு வைத்துக்கொண்டு ஸ்க்ரூ முடுக்கினால், யாராவது அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டால் ஏணியிலிருந்து துள்ளுவீர்கள். முதலில் லைனைக் கழற்றுங்கள்.

இன்னொன்று. எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள் என்பது இந்தக் காசு போனுக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்சேஞ்ச், கம்பியில் பிளஸ் மைனஸை மாற்றிப் போடும். அது வந்ததும்தான் பெட்டி காசை உள்ளே விழுங்கும். இப்போது ஃபைபர் மோடத்தில் போனைச் சொருகிவிட்டு, காசு விழவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். மோடத்தில் அந்த வசதி இருக்கவேண்டும், இருந்தாலும் அதை இயக்கிவிட்டிருக்க வேண்டும்.

சுத்தியல்:
காசு என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டி பழசாக இருந்தால் புது ஒரு ரூபாயை ஏற்குமா? 1992-இல் வந்த ஸ்டீல் காசு 25 மி.மீ., 4.85 கிராம். 2011-இல் வந்தது 22 மி.மீ., 3.79 கிராம். பழைய காசுக்கு அளவெடுத்த பெட்டியில் புதுசு நழுவி நேராகத் திருப்பிக் கொடுக்கிற குழிக்கு வந்துவிடும்.

பழைய_லைன்மேன்:
அதற்குள் ஒரு சின்ன திருகு இருக்கும், சரி செய்யலாம்.

கணக்குப்பிள்ளை:
எல்லா மாடலிலும் கிடையாது சார். சிலதில் காசு பார்க்கிற பாகத்தையே மாற்றணும்.

பழைய_லைன்மேன்:
நான் கையால் எத்தனையோ திருகியிருக்கிறேன். நீங்கள் படித்ததைச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நானும் பார்த்துத்தான் சொல்கிறேன். காசின் பருமனை அளக்கிற பெட்டி வேறு, உலோகத்தை உணர்கிற பெட்டி வேறு. ரெண்டாவதில் திருக என்ன இருக்கிறது?

கட்டுமானம்_மூத்தவர்:
இது தச்சு, கட்டுமானப் பகுதி. நாணய ஆராய்ச்சிக்கு வேறு பகுதி உண்டு.

வெல்டிங்_முருகேசு:
நான் சொன்ன ஆங்கிள் சட்டத்தை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

நாமக்கல்_விடுதி:
லைன் எல்லாம் இல்லை சார். இது சிம் போடுகிற மாடல். மேலே சின்ன ஆன்டெனா நீட்டிக்கொண்டு இருக்கும். கரண்ட்டுக்கு ஒரு சார்ஜர்.

பழைய_லைன்மேன்:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டியிருக்க மாட்டேன்.

சுத்தியல்:
சிம் மாடல் என்றால் ரெண்டு விஷயம். ஒன்று, ஆன்டெனாவுக்கு மேலே ஒரு சாண் காலியாக விடுங்கள். சாரல் அடிக்காமல் இருக்க மரக் கூரை வைப்பதென்றால் அதற்கும் மேலேதான். கூரைக்குத் தகரம் வேண்டாம், சிக்னல் குறையும். ரெண்டு, சார்ஜர் வயர் தொங்கினால் பிள்ளைகள் இழுக்கும். பலகையின் முதுகில் அரை இஞ்ச் ரீப்பர் ரெண்டு வைத்து, நடுவில் கிடைக்கிற சந்தில் வயரை இறக்கிவிடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றும் போகும், ஓதம் தங்காது. ஆசாரி சொன்ன போல்ட் தலைக்குக் குடைய வேண்டிய வேலையும் மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன், கடைக்குப் போவதற்குள் படியுங்கள்.

பலகைக்குக் கால் கொடுத்துத் தரைவரை இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் ரெண்டு வேங்கைச் சட்டம், தரையிலிருந்து ஐந்தரை அடி. அதன்மேல் பிளைவுட், அதன்மேல் போன். எடை முழுக்கத் தரைக்குப் போய்விடும். சுவருக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை, சட்டம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது. அதற்குச் சட்டத்தின் மேல் முனைக்குக் கீழே ஒரு த்ரெட் ராடு, இடுப்பளவில் ஒன்று. பின்பக்கம் ஸ்டோர் ரூமில் ரெண்டு சட்டத்தையும் சேர்த்து ஒரே ரீப்பர் குறுக்கே வைத்து நட் போடுங்கள். வெறும் வாஷர் போட்டு இறுக்கினால் பிளாக்கின் ஓடு நொறுங்கும். நட்டை ரொம்பவும் முடுக்கக் கூடாது, பலகை ஆடாமல் நின்றால் போதும்.

சட்டத்தின் அடி தரையைத் தொடக்கூடாது. தினமும் பினாயில் தண்ணீர் ஊற்றித் துடைப்பீர்கள், மரம் அடியிலிருந்து உறிஞ்சும். ஒரு துண்டு கிரானைட் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். வெட்டிய அடிமுனையில் பெயின்ட் ரெண்டு கோட். கரையான் ஏறினாலும் கிரானைட் விளிம்பில் மண் கோடு தெரிந்துவிடும்.

உயரம் ரெண்டுக்கும் ஒன்றாக வேண்டாம். ஆறாம் வகுப்பும் பிளஸ் டூவும் ஒரே விடுதி என்றால், ஒன்றில் காசுத் துளை நாலு அடிக்குள் இருக்கட்டும், மற்றதில் நாலரை. எட்டாத பிள்ளைதான் போனைப் பிடித்துத் தொங்கும்.

ஈரோடு_ஆசாரி:
இதை ஒப்புக்கொள்கிறேன். பிளைவுட்டை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வெல்டிங்_முருகேசு:
தரைவரை கால், குறுக்குச் சட்டம், நட் போல்ட். இதைத்தானே நான் முதலில் இரும்பில் சொன்னேன்?

சேலம்_மரக்கடை:
என்ன ஆச்சு தம்பி? ஞாயிறு போய்விட்டதே. சரக்கு எங்கே வாங்கினீர்கள்?

சுத்தியல்:
இப்படித்தான். அவசரம் என்பார்கள், அப்புறம் ஆளே இருக்காது.

நாமக்கல்_விடுதி:
மன்னிக்கணும், ஊரில் விசேஷம். ஸ்டோர் ரூம் சாவி கிடைக்கவில்லை, அதனால் பின்பக்க நட் இல்லை. தரைக்கால் வைத்தாகிவிட்டது. மேல் முனையை லிண்டல் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார் எங்கள் ஆசாரி. அதற்காகச் சட்டத்தின் காலை மேலே லிண்டல்வரை நீட்டிக்கொண்டார். மரம் வீட்டில் கிடந்த பழைய கதவு நிலை, வேம்பு என்கிறார். ஒரு போன் அசையவில்லை. இன்னொன்றும் அசையவில்லை, ஆனால் காசைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறது. நன்றி.

கணக்குப்பிள்ளை:
லிண்டலில் பிடித்தது நல்ல யோசனை. பழைய நிலை என்றால் மரம் காய்ந்து இருக்கும், முறுக்காது. காசுத் துளை என்ன உயரத்தில் வந்தது?

பழைய_லைன்மேன்:
திருகு. நான் சொன்னேன்.

கட்டுமானம்_மூத்தவர்:
காசு பிரச்சினைக்குப் புது இழை தொடங்கவும். மாடல், படம், எந்த ஆண்டுக் காசு என்ற விவரங்களோடு.