மறுமொழி: 'வெதரிங்' என்பதற்குத் தமிழ் – புழக்கமூட்டலா, நாட்படுத்தலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மாடல் ரயில் வேலையில் 'வெதரிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல் எது என்ற விவாதம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இந்த வாரம் நீங்கள் அனுப்பிய லேஅவுட் (சிறு அளவில் அமைத்த ரயில் பாதைக் காட்சி) படங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு அருமை. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். அகராதியைப் புரட்டுவதைவிட அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்குச் சொல் பிடிபட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: மாடல் எஞ்சினையும் பெட்டிகளையும் கடையிலிருந்து வந்த பளபளப்போடு விடாமல், உண்மையான ரயிலில் நாம் பார்க்கிற துரு, கரி, தூசி, வெளிறல் எல்லாவற்றையும் தூரிகையால் கொண்டுவரும் வேலையைத்தான் 'வெதரிங்' என்கிறோம். அதற்குத்தான் தமிழ் தேடுகிறோம்.

> பள்ளிப் பாடநூலில் 'வானிலைச் சிதைவு' ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

பாடநூல் சொல் பாறைக்கு உரியது. வெயிலும் மழையும் பாறையை உடைத்து மண்ணாக்குவதைச் சொல்ல அது பொருத்தமான சொல், அதில் கை வைக்கத் தேவையில்லை. நம் மேசையில் நடப்பது வேறு. இங்கே எதுவும் சிதைவதில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து பூசுகிறார். அதைவிட முக்கியம், ரயிலில் படியும் கறையில் பெரும்பங்குக்கும் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. பழைய வண்டிகளில் சக்கரத்தைப் பிடிக்கும் வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள்தான் பெட்டியின் அடிப்பாகத்தில் செம்பழுப்பாகப் படிந்தது. சிமென்ட் ஏற்றும் மூடிய வேகன்களில் கதவோரம் சாம்பல் வெள்ளையாக வழிந்திருக்கும். சத்தீஸ்கரின் கிரந்துலிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு இரும்புத் தாது கொண்டுபோகும் வேகன்கள் உடம்பெல்லாம் செம்புழுதியோடு வரும். இதையெல்லாம் வானிலையின் கணக்கில் எழுத முடியாது.

> 'அழுக்கேற்றல்' என்று வைத்துவிடலாம். யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

விளக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பாதி வேலையைத்தான் அது சொல்கிறது. நம் ஈரோட்டு அண்ணன் படம் அனுப்பிய டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து, பிறகு வாரணாசியிலேயே ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட வகை. கரும்புகை கக்குவதில் பேர்போனது. அண்ணன் புகைபோக்கியின் வாயைச் சுற்றிக் கரியைப் படியவிட்டு, அதைப் பின்னோக்கி மெல்ல மெல்ல மங்கவிட்டிருக்கிறார். இதுவரை அழுக்கேற்றல்தான், சரி. அடுத்து ஓட்டுநர் ஏறும் கதவுப் பக்கம் பாருங்கள். கைப்பிடிக் கம்பியில் கை பட்டுப் பட்டு வண்ணம் போய் இரும்பு மினுங்குகிறது. படிக்கட்டின் விளிம்பிலும் அப்படித்தான். அங்கே அவர் எதையும் ஏற்றவில்லை, வண்ணம் போன இடமாகக் காட்டியிருக்கிறார். மேல்பாகத்தில் வண்ணம் வெயிலில் வெளிறிப்போன மாதிரி ஒரு மங்கல் கொடுத்திருக்கிறார். வெளிறுவது அழுக்காகுமா? குன்னூரில் நிற்கிற நீலகிரி மலைரயில் நீராவி எஞ்சினை மாடலாகச் செய்பவர் கொதிகலன் மீது வழிந்து காய்ந்த உப்புநீரின் வெள்ளைக் கோடுகளைப் போட்டாக வேண்டும். அதையும் அழுக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'பழக்கல்' என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல என்று விளக்கமும் கொடுத்திருந்தார். அழகான சொல்தான். ஆனால் எஞ்சினைப் பழக்குகிறேன் என்றால் ஓடவிட்டுப் பல்சக்கரங்களைச் சீராக்குவதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அந்த வேலையும் நம் பொழுதுபோக்கில் உண்டு என்பதால் குழப்பம் வரும். பழக்கலை அதற்கே ஒதுக்கிவைப்போம் என்பது என் கருத்து.

என் பரிந்துரை புழக்கமூட்டல்.

ஆள் புழக்கம், வண்டிப் புழக்கம், புழங்கின பாத்திரம் என்று தினமும் சொல்கிறோம். ஒரு பொருள் வேலை செய்த அடையாளம் அதன் மேல் தங்குவதைச் சொல்ல இதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இல்லை. கறை படிவதும் அதில் அடங்கும், தேய்ந்து மினுங்குவதும் அடங்கும். வண்ணமூட்டல், சாயமூட்டல் என்ற சொற்கள் நமக்குப் பழகியவை என்பதால் வாயில் தடுக்காது. செய்முறைக் குறிப்பில் "முதலில் வண்ணமூட்டி, மங்கல் வார்னிஷ் அடித்து, பிறகு புழக்கமூட்டவும்" என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

இதற்கு மதுரை நண்பர் ஒரு தடை எழுப்பினார். இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி அதுதான்.

> புழங்காமல் கிடப்பதற்கு என்ன சொல்வீர்கள்? என் தனுஷ்கோடி டயோரமாவில் புழக்கமே இல்லையே!

டயோரமா என்றால் ஓர் இடத்தைச் சிறு அளவில் செய்துவைக்கும் காட்சி. அவர் அனுப்பிய படத்தைப் பார்க்காதவர்கள் இந்த அஞ்சலை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிபாடு. பவளப்பாறைக் கல் சுவரில் சாந்து உதிர்ந்து கல்லின் துளைகள் தெரிகின்றன. காற்று வரும் பக்கம் மட்டும் மணல் ஏறி நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் அடிச்சுவர் கறுத்திருக்கிறது. ஓரத்தில் கிடக்கும் தண்டவாளத் துண்டு துருவேறி, அடுக்கடுக்காக உரிகிற நிலையில் இருக்கிறது. மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) என்பதற்காக அந்தத் துண்டையும் 12 மில்லிமீட்டர் அகலத்தில் வைத்திருக்கிறார். 1:87 அளவில், அதாவது உண்மையை 87இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால், 11.5 வர வேண்டும்; 12 நெருக்கமான கணக்கு. இத்தனையிலும் ஒரு வண்டி ஓடிய தடயம் கிடையாது. உப்புக்காற்றும் காலமும் செய்த வேலை மட்டும்தான். இதற்குப் புழக்கமூட்டல் என்று பெயர் வைத்தால் சொல் பொய்யாகிவிடும்.

அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிறுத்த வேண்டுமா? ஓடுவதால் வரும் தோற்றம் ஒன்று, நின்றுபோனதால் வரும் தோற்றம் இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத லேஅவுட் படத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான யார்டில் மெயின் லைன் தண்டவாளத்தின் தலை சக்கரம் உருண்டு உருண்டு வெள்ளியாக மின்னும். பக்கவாட்டு மட்டும் பழுப்பு. அதையொட்டி மாதக்கணக்கில் வண்டி வராத சைடிங்கில் (வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதையில்) தலையும் சேர்ந்து துருப்பிடித்திருக்கும், நடுவில் புல் முளைத்திருக்கும். பத்தடி இடைவெளியில் இரண்டு விதமான இரும்பு. எல்லாத் தண்டவாளத்துக்கும் ஒரே பழுப்பை அடித்துவிட்டால் அது வெறும் பொம்மைப் பாதையாகவே நிற்கும்.

ஆகவே இரண்டாவது சொல்லாக நாட்படுத்தல். நாட்பட்ட நோய், நாட்பட்ட கடன் என்பவை வழக்கில் உள்ளவை. சங்கப் பாட்டில் 'நாட்படு தேறல்' (நாள்பட வைத்த கள்) வருகிறது. பட்டது, படுத்தியது என்ற மாற்றமும் தமிழுக்கு இயல்பு. நாட்பட்ட நிலையம் உண்மையானது, நாட்படுத்திய நிலையம் நாம் செய்தது. சென்ற வாரம் நாட்படுத்தலை மட்டும் பொதுச் சொல்லாக வைக்கலாம் என்று சொன்னவர்களுக்கு என் மறுப்பு இதுதான்: ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளிவந்து மூன்றே மாதம் ஆன வேகனிலும் பிரேக் தூளும் நிலக்கரிப் பொடியும் இருக்கும். அதை நாட்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் புழக்கம்தான் சரி.

ஒரு பொருளில் இரண்டும் சேர்ந்து வரலாமா என்றால், தாராளமாக வரலாம். அந்தக் காலச் செங்காவி நிறப் பயணிகள் பெட்டி ஒன்றை ஓரங்கட்டி நிறுத்தியதாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவோரத் தேய்மானமும் அடிப்பாகத்துப் பிரேக் கறையும் புழக்கமூட்டல். கூரை ஓரத்தில் துரு பூத்து ஜன்னல் மேல் வழிந்த கோடுகள் நாட்படுத்தல். எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை வந்துவிடுகிறது: ஓடியது முன்னால், நின்றது பின்னால். அதே வரிசையில் பூசுங்கள்.

தண்டவாளம் பற்றிப் பேசும்போது ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும், தொடக்கநிலையில் இருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது இரண்டு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் எஞ்சின்கள். மின்சாரம் தண்டவாளத்தின் தலை வழியாகத்தான் சக்கரத்துக்கு ஏறுகிறது. அங்கே துருநிறம் பூசினால் எஞ்சின் நின்றுவிடும். எனவே நாட்படுத்திய சைடிங்கின் தலையில் வண்ணம் இருக்கலாம் என்றால், அங்கே எஞ்சின் போகக் கூடாது. நிறுத்திவைத்த வேகன்களுக்கு மட்டும்தான் அந்த இடம். மற்ற பாதைகளில் பக்கவாட்டில் பூசி, ஈரம் காய்வதற்குள் தலையைத் துணியால் துடைத்துவிடுங்கள். பக்கவாட்டுக்குப் பூசுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5. தண்டவாளமும் அளவுக்கு மீறித் தடித்துத் தெரியும். பக்கவாட்டு பழுப்பாகிவிட்டால் மேலே உள்ள மெல்லிய வெள்ளிக் கோடு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. தண்டவாளம் உடனே ஒல்லியாகிவிடும், பாதையின் குறையும் படத்தில் அவ்வளவாக உறுத்தாது.

அப்புறம், படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் தூரிகைக் கீற்று உண்மையில் 87 மில்லிமீட்டர் அகலக் கோடு. நேரில் பார்க்கும்போது மறைந்துவிடும், செல்போனை நெருக்கிப் பிடித்தால் வாய்க்கால் மாதிரி தெரியும். பூசிய கையோடு ஒரு நெருக்கப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். கறையைக் கீழ்நோக்கி இழுப்பது மழைதான், அதனால் குறுக்காக இழுத்தால் கண் ஏற்காது.

நம் சொல்தொகுப்புக்கு நான் முன்வைக்கும் பதிவு இவ்வளவுதான்: ஓட்டத்தாலும் கையாளலாலும் வரும் தோற்றத்தை மாடலில் உண்டாக்குவது புழக்கமூட்டல், வெயில், மழை, காற்று, கைவிடப்பட்ட நிலை ஆகியவற்றால் வரும் தோற்றத்தை உண்டாக்குவது நாட்படுத்தல். பெயரடையாக 'புழக்கமூட்டிய வேகன்', 'நாட்படுத்திய சுவர்'. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில், போட்டிப் பிரிவின் தலைப்பு போன்றவற்றில், 'மெய்த்தோற்றப் பூச்சு' என்று எழுதலாம்.

நீர்த்த வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடும் 'வாஷ்' இன்னும் மிச்சமிருக்கிறது. 'கசிவுப்பூச்சு' என்று ஒருவரும் 'ஓடுபூச்சு' என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறீர்கள். வண்ணம் தானாக ஓடிப் பள்ளத்தில் தங்குகிறது என்பதால் என் வாக்கு ஓடுபூச்சுக்கு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஒரு படத்தோடு எழுதுங்கள், படத்தை வைத்தே முடிவு செய்வோம்.

அன்புடன்